இரண்டு ‘முந்நூறு யூனிட்’: மாடியில் சோலார் போடும் முன் ஒரு கணக்கு

‘மாசம் 300 யூனிட் கரன்ட் இலவசம், மானியம் 78 ஆயிரம்’ என்று உங்கள் வாட்ஸ்அப்புக்கும் ஒரு செய்தி வந்திருக்கும். ஆரணி பக்கம், முள்ளிப்பட்டு மாதிரி பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் இதைப் படிப்பவர்களுக்கு உடனே ஒரு குழப்பம் வரும். “நமக்குத்தான் தறிக்கு ஏற்கெனவே 300 யூனிட் இலவசமா வருதே, இது அதுவா, வேறயா?”

வேறதான். இரண்டும் ஒரே எண். ஆனால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

முதல் 300, தமிழ்நாடு அரசு கைத்தறி நெசவாளர்களுக்குத் தருவது. இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இந்தச் சலுகை, 2023-ம் ஆண்டு மார்ச் முதல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. விசைத்தறிக்கு 750-லிருந்து 1,000 யூனிட் ஆனது. இதற்கு நீங்கள் எதையும் வாங்க வேண்டாம், எந்தக் கருவியும் மாட்ட வேண்டாம்.

இரண்டாவது 300, மத்திய அரசின் ‘பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம்’ பற்றியது. ‘பி.எம். சூர்ய கர்’ என்று சொல்கிறார்களே, அதுதான். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட திட்டம் இது. நாடு முழுக்க ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். இதில் யாரும் உங்களுக்கு 300 யூனிட்டை இலவசமாக ஊற்றுவதில்லை. உங்கள் மாடியில், உங்கள் பணமும் அரசு மானியமும் சேர்த்துப் பேனல் போடுகிறீர்கள். அந்தப் பேனல் மாதம் 300 யூனிட் வரை உற்பத்தி செய்தால், அந்த அளவுக்கு உங்கள் பில் குறையும். அவ்வளவுதான் அந்த ‘இலவசம்’.

அப்போ இது நல்ல திட்டம் இல்லையா? நல்ல திட்டம்தான். சரியான வீட்டுக்கு நான்கைந்து வருடத்தில் போட்ட பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் எல்லா வீட்டுக்கும் இல்லை. உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க, கையில் வேண்டியது ஒன்றுதான்: உங்க இ.பி. கார்டு.

வரிச் சலுகையா, மானியமா?

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது, “சோலார் போட்டா வரியில கழிச்சுக்கலாம்” என்று சொல்லியிருக்கலாம். அமெரிக்காவில் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு சோலார் போட்ட செலவில் 30 சதவீதத்தை, கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்து கழித்துக்கொள்ள முடிந்தது. 2025 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி அந்த ஆண்டு டிசம்பர் 31-ஓடு அதுவும் முடிந்தது.

நம் ஊர் ஏற்பாடு வேறு. வீட்டு மாடி சோலாருக்கு இங்கே உதவி வருமான வரி வழியாக வருவதில்லை, நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதில் ஒரு பெரிய நன்மை இருக்கு. வரி கழிவு என்றால், வரி கட்டுகிறவருக்கு மட்டும்தான் பயன். வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத ஒரு நெசவாளர் குடும்பத்துக்கு அதனால் ஒரு ரூபாயும் கிடைக்காது. நேரடி மானியத்தில் அந்த வித்தியாசம் இல்லை.

மானியத் தொகை இதுதான்:

• 1 கிலோவாட் – 30,000 ரூபாய்
• 2 கிலோவாட் – 60,000 ரூபாய்
• 3 கிலோவாட் மற்றும் அதற்கு மேல் – 78,000 ரூபாய்

கவனிச்சீங்களா? முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000. மூன்றாவதுக்கு 18,000 மட்டும். நான்காவது, ஐந்தாவதுக்கு ஒன்றுமில்லை. 78 ஆயிரம் என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது எல்லோருக்கும் கிடைக்கும் தொகை இல்லை. 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் போட்டால் மட்டும்தான்.

இது தவிர, சோலார் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. உங்களுக்கு வரும் விலைப்பட்டியலில் இது சரியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் கார்டைப் பாருங்கள்

கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு தொலைந்திருந்தால் மின்வாரியத்தின் செயலியிலேயே பழைய பில் விவரம் கிடைக்கும். ஒவ்வொரு பில்லிலும் எத்தனை யூனிட் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ரூபாயைவிட யூனிட்தான் இங்கே முக்கியம்.

ஏன்னா, நம் மாநிலத்தில் எல்லா யூனிட்டும் ஒரே விலை இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட், யூனிட்டுக்கு 3 ரூபாய்க்குள். 201 முதல் 400 வரை 5 ரூபாய்க்குள். 401 முதல் 500 வரை 6 ரூபாய்க்கு மேல். 500-ஐத் தாண்டினால் 8 ரூபாய்க்கு மேல், 1,000-ஐத் தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. மொத்தப் பயன்பாடு 500-ஐத் தாண்டிவிட்டால், 101-லிருந்து 200 வரைக்கான அந்தக் குறைந்த விலையும் போய்விடும். 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு சுமார் 1,800 ரூபாய் பில் வரும். 600 ஓடிய வீட்டுக்கு சுமார் 2,900 ரூபாய். நூறு யூனிட் கூடியதற்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறுகிறது.

சோலார் லாபமா நஷ்டமா என்பது இந்த ஏணிப்படியில்தான் இருக்கிறது. பேனல் உற்பத்தி செய்யும் ஒவ்வொரு யூனிட்டும், உங்கள் பில்லில் மேல் படியில் இருக்கும் விலை உயர்ந்த யூனிட்டைத்தான் முதலில் கழிக்கும். மேல் படி காலியான பிறகு கீழ்ப் படிக்கு வரும். கீழ்ப் படியில் கழிக்க அதிகப் பணம் இல்லை.

மூன்று வீடு, மூன்று கணக்கு

நம் பகுதியில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். வெயில் காலத்தில் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும். கீழே வரும் கொட்டேஷன் தொகைகள் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்களுக்கு வரும் கொட்டேஷனை அந்த இடத்தில் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க.

முதல் வீடு: வீட்டிலேயே குழித்தறி. கைத்தறிச் சலுகை இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 260 யூனிட் ஓடுகிறது. பில் பூஜ்ஜியம். இந்த வீட்டில் சோலார் போட்டால் மிச்சம் எவ்வளவு? அதுவும் பூஜ்ஜியம்தான். கட்டாத பில்லைக் குறைக்க முடியாது. யார் வந்து எவ்வளவு மானியம் சொன்னாலும், இந்த வீட்டுக்கு இப்போதைக்கு சோலார் தேவையில்லை. கடன் வாங்கிப் போடவே வேண்டாம்.

இரண்டாவது வீடு: தறிச் சலுகை இல்லாத சாதாரண வீடு. ஃபிரிட்ஜ், கிரைண்டர், மோட்டார் உண்டு. 350 யூனிட் ஓடுகிறது. பில் சுமார் 950 ரூபாய். 1 கிலோவாட் போட்டால் நிகரப் பயன்பாடு 110 யூனிட்டாகிவிடும். பில் ஐம்பது ரூபாய்க்குள் வந்துவிடும். இரண்டு மாதத்துக்கு சுமார் 900 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 5,400. கொட்டேஷன் 70,000 ரூபாய் என்றால் மானியம் 30,000 போக உங்கள் கைக்காசு 40,000. அதை எடுக்க ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். சேமிப்பில் பணம் இருந்தால் யோசிக்கலாம். கடன் என்றால் வட்டியும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது வீடு: ஏ.சி. இருக்கிற வீடு. 700 யூனிட். பில் 3,800 ரூபாய்க்கு மேல். 2 கிலோவாட் போட்டால் நிகரம் 220 யூனிட், பில் சுமார் 330 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 3,500 மிச்சம், வருடத்துக்கு 21,000. கொட்டேஷன் 1,30,000 என்றால் மானியம் 60,000 போக 70,000. மூன்றரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். இந்த வீட்டுக்குத்தான் இந்தத் திட்டம்.

இப்போ அதே மூன்றாவது வீட்டுக்காரரிடம், “சார், 3 கிலோவாட்டா போட்டுடுங்க, முழு 78 ஆயிரம் வரும்” என்று ஒருவர் சொல்கிறார் என்று வைப்போம். கொட்டேஷன் 1,80,000. மானியம் போக 1,02,000. கூடுதலாக 32,000 ரூபாய் போடுகிறார். அதற்குப் பலன்? பில் 330-லிருந்து பூஜ்ஜியமாகும். வருடத்துக்கு 2,000 ரூபாய்தான் கூடுதல் மிச்சம். அந்த 32,000-ஐ எடுக்க பதினாறு வருடம்.

அதனால் நினைவில் வைக்க வேண்டியது: முதல் 200 யூனிட்டை மின்வாரியத்துக்கே விட்டுவிடுங்கள். அது ஏற்கெனவே இலவசமாகவும் மலிவாகவும் கிடைக்கிறது. அதற்கு மேலே ஓடும் யூனிட்டுக்கு மட்டும் பேனல் கணக்குப் போடுங்கள். இரண்டு மாதப் பயன்பாட்டில் 200-ஐக் கழித்து, மீதியை 240-ஆல் வகுத்தால் உங்களுக்கு எத்தனை கிலோவாட் என்று கிட்டத்தட்ட வந்துவிடும். வரப்போகும் வருடங்களில் ஏ.சி.யோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வீட்டுக்காரர் என்ன செய்யலாம்?

சோலார் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்படியே விட முடியாது. தறி வீட்டில் காலையிலிருந்து இரவு வரை விளக்கும் விசிறியும் ஓடும். சலுகை அளவான 300-ஐ ஒட்டியே பயன்பாடு இருந்தால், கோடையில் அதைத் தாண்டிவிடும். அங்கே மாற்ற வேண்டியது மின்விசிறியை.

பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. மோட்டார் உள்ள புது ஃபேன் சுமார் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட், புதியது 22 யூனிட். ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். தறிக்கு மேலே ஒன்று, கூடத்தில் ஒன்று மாற்றினாலே 60 யூனிட்டுக்கு மேல் குறையும். சோக் வைத்த பழைய டியூப்லைட் 50 வாட்டுக்கு மேல் எடுக்கும். அதே வெளிச்சத்துக்கு எல்.இ.டி. டியூப் 20 வாட் போதும். ஜரிகை பார்த்து நெய்யுற கண்ணுக்கு வெளிச்சம் குறையக் கூடாது, அதனால் வாட்டை மட்டும் பார்க்காமல் அட்டையில் ‘லூமென்’ எவ்வளவு என்றும் பார்த்து வாங்குங்கள்.

2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திர முத்திரை கட்டாயம். ஐந்து நட்சத்திரம் உள்ளதா என்று பாருங்கள். இரண்டு ஃபேனுக்கான செலவு சோலார் செலவில் ஒரு சிறு பங்குதான்.

கரன்ட் போனாலும் சோலார் ஓடுமா?

இந்தக் கேள்வியில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பேட்டரி இல்லாமல், மின்வாரிய லைனோடு இணைத்துப் போடும் சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் நிற்கும். பழுது இல்லை அது, பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் நேரத்தில் உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குப் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. மின்தடைக்காகத்தான் சோலார் என்று நினைத்தால், பேட்டரியும் அதற்கான இன்வெர்ட்டரும் தனியாக வேண்டும். அதற்கான கூடுதல் செலவு உங்களுடையது.

அப்போ பகலில் நாம் பயன்படுத்தாத மின்சாரம் என்ன ஆகும்? மின்வாரிய லைனுக்குப் போகும். அதற்காகத்தான் பழைய மீட்டரை எடுத்துவிட்டு, போவதையும் வருவதையும் தனித்தனியாக அளக்கும் மீட்டர் வைக்கிறார்கள். வாங்கியதில் கொடுத்ததைக் கழித்து மீதிக்குத்தான் பில். கொடுத்தது அதிகமாக இருந்தால் அடுத்த பில்லுக்கு வரவு வைக்கப்படும்.

உங்கள் இணைப்பில் கைத்தறிச் சலுகை இருந்து, அதற்கு மேலும் நிறைய யூனிட் ஓடுகிறது என்றால், விண்ணப்பிக்கும் முன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய், புது மீட்டர் வந்த பிறகு சலுகை யூனிட்டும் சோலார் யூனிட்டும் உங்கள் பில்லில் எப்படிக் கழிக்கப்படும் என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விசைத்தறிக் கூடத்துக்குத் தனி இணைப்பு இருந்தால், அந்த இணைப்புக்கு இந்த மானியம் கிடையாது. இது குடியிருப்பு இணைப்புக்கு மட்டும்.

மாடி தயாரா?

1 கிலோவாட்டுக்கு சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். பக்கத்து வீட்டுத் தென்னை, தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் எதன் நிழலும் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பேனல் மேல் படக் கூடாது. ஒரு பேனலில் பாதியில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறைந்துவிடும். பேனல் தெற்குப் பார்த்து, நம் பகுதிக்கு 12, 13 டிகிரி சாய்வில் இருப்பது நல்லது.

சாயம் ஏற்றிய நூலையோ நெல்லையோ மாடியில்தான் உலர்த்துகிறீர்கள் என்றால், ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டும் தாங்கியைக் கேளுங்கள். செலவு கொஞ்சம் கூடும், மாடி உங்களுக்கே மிஞ்சும். ஓட்டு வீடாக இருந்தால், கூரை பாரம் தாங்குமா என்று நிறுவனத்தினர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே முன்பணம் கொடுங்கள்.

அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டில் தனித்தனி இணைப்போடு இருந்து, மாடி மட்டும் பொது என்றால், மற்றவர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேனல் இருபது, இருபத்தைந்து வருடம் அங்கேயே இருக்கப்போகிறது.

கார்டில் யார் பெயர்?

விண்ணப்பத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். இணைப்பு இன்னும் அப்பா பெயரில் இருக்கும், தாத்தா பெயரில்கூட இருக்கும். அவர் காலமாகியிருப்பார். பில் மட்டும் மகன் கட்டிக்கொண்டிருப்பார். பில் கட்டுவதற்கு அது போதும். மானியத்துக்குப் போதாது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், அவர் வங்கிக் கணக்குக்குத்தான் பணம்.

எனவே முதல் வேலை பெயர் மாற்றம். வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அது கையில் வந்ததும், வீட்டு ஆவணம் அல்லது சொத்து வரி ரசீதோடு மின்வாரிய இணையதளத்திலோ பிரிவு அலுவலகத்திலோ பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். சோலார் நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு இதை ஆரம்பிக்காதீங்க. பணம் அங்கே மாட்டிக்கொள்ளும், வேலை இங்கே நிற்கும்.

செல்போனிலேயே விண்ணப்பிக்கும் முறை

1. ‘பிஎம்சூர்யகர் டாட் ஜிஓவி டாட் இன்’ என்ற அரசு இணையதளத்துக்குப் போங்கள். கடைசியில் ‘ஜிஓவி டாட் இன்’ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைபேசி எண்ணுக்கு வரும் ஓ.டி.பி. போட்டுப் பதிவு செய்யுங்கள்.

2. மாநிலம், மின் பகிர்மான நிறுவனம், மின் இணைப்பு எண் கொடுங்கள். இணைப்பு எண் கார்டில் இருக்கிறது. சமீபத்திய பில்லைப் படம் எடுத்துத் தயாராக வைத்திருங்கள்.

3. எத்தனை கிலோவாட் என்று குறிப்பிட்டு விண்ணப்பியுங்கள். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்ப ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

4. இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். அதில் குறைந்தது மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவரிடம் போட்டால் மானியம் வராது.

5. ஒப்பந்தம் போட்டு வேலை முடிந்ததும், விவரங்களைப் பதிவேற்றிப் புது மீட்டருக்கு விண்ணப்பிக்க வேண்டும். மின்வாரியத்தினர் வந்து பார்த்து, மீட்டர் மாட்டி, சோலார் இயங்கத் தொடங்கியதற்கான அறிக்கை தருவார்கள்.

6. அந்த அறிக்கை வந்த பிறகு, உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் பதிவேற்றுங்கள். அதிலிருந்து 30 நாளுக்குள் மானியம் கணக்கில் வர வேண்டும்.

ஆறாவது படியை இன்னொரு தடவை படிங்க. மானியம் கடைசியில்தான் வருகிறது. முதலில் முழுத் தொகையும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். 1,30,000 ரூபாய் வேலைக்கு 70,000 மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால், மீதி 60,000-க்கு நடுவில் வட்டிக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடன்தான் வழி என்றால் தனியார் நிதி நிறுவனத்துக்கு முன்னால் வங்கியைக் கேளுங்கள். 3 கிலோவாட் வரையிலான சோலாருக்கு, அடமானம் இல்லாமல் 2 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகள் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தைவிட அரை சதவீதம் மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் ஏற்பாடு. ‘ஜன் சமர்த்’ என்ற அரசு இணையதளம் வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

• பேனல் செல் உட்பட இந்தியாவில் தயாரிக்கப்பட்டதா? மானியத்துக்கு இது கட்டாயம். வெளிநாட்டுப் பேனல் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் மானியம் போய்விடும்.

• முழு விலையும் மானியமும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா? ‘மானியம் போக இவ்வளவு’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் உடைத்து எழுதித் தரச் சொல்லுங்கள். மானியத்துக்காக அரசு எடுத்துக்கொண்ட அடிப்படை விலை, முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 50,000 ரூபாய், மூன்றாவதுக்கு 45,000. சந்தை விலை இதைவிடக் கூடுதலாக இருக்கும். எவ்வளவு கூடுதல் என்று ஒப்பிட இது உதவும்.

• ஐந்து வருடப் பராமரிப்பு எழுத்தில் இருக்கிறதா? அது நிறுவனத்தின் பொறுப்பு.

• இன்வெர்ட்டருக்கு எத்தனை வருட உத்தரவாதம்? பேனலைவிட இன்வெர்ட்டர்தான் முதலில் பழுதாகும் பொருள்.

• இடிதாங்கி, எர்த்திங், மீட்டர் மாற்றும் வேலை எல்லாம் விலைக்குள் அடங்குமா, தனியா?

பேனல் மேல் தூசி படிந்தால் உற்பத்தி குறையும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறும் முன் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போதும். சூடான பேனல் மேல் நடுப்பகலில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஏமாறாமல் இருக்க

விண்ணப்பிக்க அந்த இணையதளத்தில் கட்டணம் கிடையாது. ‘மானியம் சாங்ஷன் ஆயிடுச்சு, ஃபைல் சார்ஜ் மட்டும் அனுப்புங்க’ என்று யாராவது போன் செய்தால் அது மோசடி. செயலியை வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. கோப்பாக அனுப்பினால் தொடவே வேண்டாம். திறந்தால் உங்கள் போனே அவர்கள் கையில் போய்விடும். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். மின்வாரியத்துக்குக் கட்ட வேண்டியது ஏதாவது இருந்தால் வாரியத்துக்கே கட்டி, வாரிய ரசீது வாங்குங்கள். தெருவுக்கு வந்து முன்பணம் கேட்பவரிடம், இணையதளப் பட்டியலில் அவர் நிறுவனத்தின் பெயரைக் காட்டச் சொல்லுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு கூடும். திட்டம் பற்றிய சந்தேகங்களுக்கு 15555. மீட்டர், பெயர் மாற்றம், பில் சம்பந்தமான புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987.

சுருக்கமாக

• கைத்தறிச் சலுகையில் பில் பூஜ்ஜியமாக வருகிறதா? சோலார் வேண்டாம். ஃபேனையும் விளக்கையும் மாற்றுங்கள்.

• இரண்டு மாதத்துக்கு 300, 400 யூனிட்டா? 1 கிலோவாட் போதும். கைக்காசு இருந்தால் போடலாம், அவசரமில்லை.

• 500-ஐத் தாண்டுகிறதா? தள்ளிப்போடாதீங்க. பெரும்பாலும் 2 கிலோவாட் போதும்.

• எந்த வீடாக இருந்தாலும் முதலில் கார்டில் இருக்கும் பெயரைச் சரி செய்யுங்கள்.

திட்டம் 2026-27 நிதியாண்டு வரைதான் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வாரிசுச் சான்றிதழ், பெயர் மாற்றம் எல்லாம் நாள் எடுக்கும் வேலைகள். அதனால் கணக்குப் போட்டு ‘நமக்கு இது லாபம்’ என்று முடிவு செய்தவர்கள் இந்த வாரமே ஆவண வேலையை ஆரம்பித்துவிடுங்கள். லாபமில்லை என்று தெரிந்தவர்கள், அடுத்த முறை கதவைத் தட்டி “300 யூனிட் இலவசம்” என்று சொல்பவரிடம் உங்கள் இ.பி. கார்டை நீட்டி, “இதுல எவ்வளவு குறையும், எழுதிக் கொடுங்க” என்று கேளுங்கள்.